களத்தில் 13, மூட்டைக்குள் 15: நீடாமங்கலம் பக்கம் கெட்டுப்போன சீரகச் சம்பா

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஐந்து விவசாயிகள் சேர்ந்து சீரகச் சம்பா போட்டார்கள். தை கடைசியில் அறுத்த நெல்லை உடனே தள்ளிவிடாமல் ஐப்பசி வரை வைத்திருந்து, பழைய நெல்லாக அரைத்து, பிரியாணிக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அரிசியாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஏறக்குறைய பத்து டன். வைக்க இடமும் இருந்தது: ஒருவருடைய பழைய ஓட்டு வீட்டின் கூடமும் பின்கட்டும்.

ஐப்பசியில் பிரித்துப் பார்த்தால் மூன்று விதமான நெல். சணல் சாக்கில் இருந்ததில் வண்டும் அந்துப்பூச்சியும். கொஞ்சம் செலவு செய்து வாங்கிய காற்றுப்புகாப் பைகளில் ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் வாயைப் பிரித்ததும் புளித்த வாடை ஆளைத் தள்ளியது. அதே வீட்டுப் பத்தாயத்தில், அதாவது மரத்தாலான நெல்பெட்டியில், விதைக்கென்று ஒதுக்கி வைத்தது மட்டும் கிட்டத்தட்ட நன்றாக இருந்தது. மூன்றும் ஒரே ரகம், ஒரே வாரத்து அறுப்பு.

ஊரில் பழி பையின் மேல் விழுந்தது. "பிளாஸ்டிக்குல கட்டுனா நெல்லு மூச்சு முட்டிப் போயிடும்னு அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்" என்றார் ஐவரில் மூத்தவர். அரைக்க வந்த ஆலைக்காரரோ, மருந்து வைக்காததுதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, அறுப்பு நாளிலிருந்து நடந்ததைக் கேட்டு வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கோளாறு எட்டு மாதத்துக்கு முன்னாலேயே களத்தில் நடந்து முடிந்திருந்தது தெரிந்தது. அதுவும் யாரும் சோம்பலாக இருந்ததால் நடந்ததில்லை. ஈரம் காட்டும் மாய்ஸ்சர் மீட்டர் வைத்து அளந்துதான் மூட்டை பிடித்திருக்கிறார்கள். அளந்த நேரம்தான் தப்பு.

ஏன் வைத்திருந்தார்கள்

அரசு கொள்முதலில் நெல் இரண்டே வகை: சாதாரணம், சன்னம். சீரகச் சம்பாவோ தூயமல்லியோ கருப்புக் கவுனியோ, அவற்றுக்கென்று தனி விலை கிடையாது. விளைச்சலோ குட்டை ரகங்களைவிடக் குறைவு. அதனால் இந்த நெல்லைப் போடுகிறவர் அரிசியாக்கி விற்றால்தான் கட்டும்.

புது நெல்லை அரைத்துச் சோறாக்கினால் குழையும், கஞ்சி தடிக்கும். வைத்திருந்த நெல் உதிர் உதிராக வரும், அதிகத் தண்ணீர் வாங்கி நீளும். நெல்லுக்குள் நடப்பது மெதுவான மாற்றம்: கொழுப்பு பிரிகிறது, புரதம் இறுகி மாவுச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது, அரிசியின் சுவர் கொதியில் சீக்கிரம் உடைவதில்லை. முதல் நான்கைந்து மாதத்திலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். இதை உமியோடு நெல்லாக வைத்துத்தான் செய்ய வேண்டும். அரைத்து வைத்தால் அரிசியில் ஒட்டியிருக்கும் தவிட்டு எண்ணெய் காறிவிடும். வாசனை மட்டும் எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் நாளாக நாளாக இறங்கும். பிரியாணிக் கடைக்காரருக்கு உதிர்ச்சி முக்கியம், வீட்டுக்கு வாங்குகிறவருக்கு வாசம் முக்கியம். எட்டு மாதம் என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

இவ்வளவு நாள் வைப்பதற்கு நெல்லின் ஈரம் 13 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்பு வேறு கணக்கு. அங்கே வாங்கிய நெல் ஆலைக்குப் போய் அவிந்து காய்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் வைத்த எண் அது. மழை ஆண்டுகளில் அதையும் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதுவது டெல்டாவில் வழக்கமாகிவிட்ட செய்தி. அந்த 17ஐயே காது நிறையக் கேட்டுப் பழகியவர்களுக்கு 14, 14.5 எல்லாம் நன்றாகக் காய்ந்த நெல்லாகத்தான் தெரியும்.

களத்தில் நடந்தது

அறுப்பு பெல்ட் போட்ட அறுவடை மிஷினில். வண்டி கிடைத்த நேரம் காலை ஏழு மணி. தை மாதப் பனி கதிரில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிட்டார்கள். வாடகை மணிக்கணக்கு, அடுத்த ஊர்க்காரர் காத்திருக்கிறார், வேறு வழியில்லை. மிஷினில் அறுத்த நெல் சாதாரணமாகவே 20க்கு மேல் ஈரத்தோடு வரும். பனியோடு அறுத்தால் பச்சைக் கருக்காயும் தாள் துண்டும் களைவிதையும் சேர்ந்து இன்னும் ஏறும்.

அன்று பகல் முழுக்க டிராக்டர் டிப்பரில் குவியலாகக் கிடந்து, சாயங்காலம்தான் களத்துக்கு வந்தது. குவியலுக்குள் கையை விட்டவர்களுக்குச் சூடு தெரிந்திருக்கிறது. ஈரநெல் உயிருள்ள பொருள். மூச்சு விடுகிறது, அந்த மூச்சே அதைச் சூடாக்குகிறது. ஒரு ராத்திரி அப்படிக் கிடந்தாலே அரிசி மஞ்சளடிக்கத் தொடங்கும். இங்கே பெரிய சேதம் ஆகவில்லை, ஆனால் சோதனைக்கு அரைத்தபோது வெள்ளை அரிசிக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு மணி தென்பட்டதற்கு இதுவே காரணம்.

மறுநாள் சிமெண்டுக் களத்தில் காய்ச்சல். இடம் போதவில்லை. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பலகையால் கிளறியிருக்கிறார்கள். மாசி பிறக்கப் போகும் வெயில், மேலே கிடந்த நெல் சலசலவென்று காய்ந்துவிட்டது. அடியில் இருந்தது இன்னும் குளுமை. இதையெல்லாம் ஒன்றாகக் கூட்டி அள்ளினால், 11க்குப் போன மணியும் 17இல் நிற்கும் மணியும் ஒரே மரக்காலில் வரும். மீட்டரில் ஒரு கை போட்டால் இரண்டின் சராசரியை 14 என்று காட்டும். அந்தப் பதினான்கு எந்த மணியிலும் இல்லை.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. வெயிலில் நெல்மணி வெளியிலிருந்து உள்ளே காயும். சாயங்காலம் நான்கு மணிக்கு, சூடு ஆறாத நெல்லில், மேல்பகுதி உலர்ந்தும் நடுப்பகுதி ஈரமாகவும் இருக்கும். சந்தையில் கிடைக்கும் மீட்டர்களில் பல, மணியின் மேல்பகுதியைத்தான் அதிகம் உணர்கின்றன. ஆகவே களத்துச் சூட்டில் அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மூட்டையில் கட்டி வைத்தால் ராத்திரியோடு நடு ஈரம் வெளியே வந்து பரவிவிடும். மறுநாள் காலை அதே மூட்டையை அளந்தால் எண் ஏறியிருக்கும். நெல்லுக்குப் புதிதாக ஈரம் எங்கிருந்தும் வரவில்லை, உள்ளே இருந்ததுதான்.

இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு சாயங்காலம் அளந்து, 13 காட்டியதும் சூட்டோடு சூடாக மூட்டை பிடித்துவிட்டார்கள். மழை மேகம் வேறு கூடியிருந்ததாம். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்ததைப் பார்த்த ஊர், மேகத்தைக் கண்டால் யாருக்கும் கை நிற்காது.

மூன்று நெல், மூன்று முடிவு

குத்தூசி மாதிரிகளை ஒரு ராத்திரி மூடிய டப்பாவில் வைத்து மறுநாள் அளந்தோம். காற்றுப்புகாப் பையில் இருந்தது 15ஐ ஒட்டி நின்றது. அந்தப் பைக்குள் வெளிக்காற்றும் போகாது, உள் ஈரமும் வெளியே வராது. ஆகவே அந்த 15 கட்டிய நாளில் இருந்த ஈரம்தான். மொத்த வழக்குக்கும் இதுதான் சாட்சி. சணல் சாக்கு நெல் எட்டு மாதத்தில் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியிருக்கும், அதை வைத்துப் பழைய கதையைச் சொல்ல முடியாது.

பை வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே மாட்டிய பூச்சியும் நெல்லும் சேர்ந்து மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மூன்று சதவீதத்துக்குக் கீழே போனால் பூச்சி பிழைக்காது. காய்ந்த நெல்லுக்கு இது அருமையான ஏற்பாடு, மருந்தே தேவையில்லை. ஆனால் ஈரம் 14க்கு மேல் இருந்தால் காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கு அதே பை பானையாகிவிடும். புளிப்பு வாடை வந்த வழி அது. மூத்தவர் சொன்ன 'மூச்சு முட்டல்' முழுக்கத் தப்பில்லை. முட்ட வேண்டியது பூச்சிக்குத்தான், இங்கே ஈரத்தால் நெல்லையும் சேர்த்துப் பிடித்தது.

சணல் சாக்குகளில் நிலைமை இடத்துக்கு இடம் வேறு. கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டி, நேராகத் தரையில் அடுக்கியவை மோசம். அடிமூட்டையின் அடிப்பக்கம் கையால் தடவினாலே சில்லென்றிருந்தது. நெல் கட்டியாகி, உடைத்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை. அந்த மூட்டைகளை மாட்டுக்குக்கூடப் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பூஞ்சை பிடித்த தானியத்தில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம், அது பாலிலும் இறங்கும். நடு அடுக்கில் வண்டு. அரிசி வண்டு மூக்கை நீட்டிக்கொண்டு நடக்கும், கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று உருளையாக, தலை கீழே மறைந்து, நெல்லைத் துளைத்து மாவாக்கும் சின்ன வண்டு. சாக்கைத் தட்டினால் விழும் வெள்ளைத் தூள் அதன் வேலை. மேலடுக்கில் அந்துப்பூச்சி. வெளிச்சம் பட்டதும் மங்கிய வைக்கோல் நிறத்தில் படபடவென்று கிளம்பியது.

மருந்து வைத்திருந்தால் பூச்சி குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஆள் புழங்கும் வீட்டில் வைக்கிற பொருளே இல்லை. அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். காற்றுப்புகா உறைபோட்டு மூடி, ஒரு வாரம் பூட்டி, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. கூடத்தில் நெல், அடுத்த அறையில் குழந்தைகள் தூங்குகிற வீட்டில் அதைச் சிபாரிசு செய்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்கக் கூடாது.

பத்தாயத்து நெல் பிழைத்ததற்கு ஊரில் சொன்ன காரணம் பலாமரப் பலகையும் வேப்பிலையும். பலகைக்குப் பங்கு உண்டு: பத்தாயம் காலில் நிற்கிறது, தரை ஈரம் ஏறாது, சுவரிலிருந்தும் தள்ளி இருக்கிறது. வேப்பிலை, நொச்சி கொஞ்சம் பூச்சியை விரட்டலாம், ஈரநெல்லைக் காப்பாற்றாது. உண்மையான காரணம் வேறு. விதைநெல் என்பதால் அந்த வீட்டு அம்மா அதைத் தனியாக, படுதாவில் மெல்லிசாகப் பரப்பி, வெயில் ஏறினால் அள்ளி நிழலில் வைத்து, மூன்று நான்கு காய்ச்சல் போட்டிருக்கிறார். சித்திரையில் மறுபடி எடுத்து ஒரு காய்ச்சல். விதை கொதிச் சூட்டில் கிடந்தால் முளைக்காது என்பது அவர் கணக்கு. 43 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று விஞ்ஞானிகள் சொல்வதும் அதுதான். சான்று விதைக்கு ஈரம் 13க்குள், முளைப்பு 80க்கு மேல் என்பது விதி. அந்த நெல்லில் நூறு மணி எடுத்து ஈரத்துணியில் கட்டிப் பார்த்தோம், தேறியது. ஆனாலும் பத்தாயத்தின் மேல் ஒரு சாண் நெல்லில் அந்து இருந்தது. அந்தினால் குவியலுக்குள் ஆழமாக இறங்க முடியாது, மேலேயே மேயும். மேலாக அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார். ஆக, பழைய முறை எல்லாமே சரி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டெல்டாவில் நெல்லைப் பெரிய அளவில் வைத்த அனுபவம் பழையது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. வட்டமான கட்டடம், கூம்பு மாதிரி முகடு, 3000 கலம் கொள்ளும் என்பார்கள். அதைப் பார்க்கிறவர்கள் உயரத்தைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு வியப்பு அதற்குள் நெல் கொண்டுவந்து கொட்டியவர்கள் அதை எப்படிக் காயவைத்திருப்பார்கள் என்பதுதான். கதிராக அறுத்து, கட்டி, போர் போட்டு, பிறகு அடித்துத் தூற்றிய காலத்தில் பாதிக் காய்ச்சல் தாளிலேயே நடந்துவிடும். மிஷின் அந்த நாட்களைக் கழித்துவிட்டது, ஆனால் அதற்கு ஈடாக யாருக்கும் உலர்கலன் கிடைக்கவில்லை. நெல் பதப்படுத்தலுக்கென்றே 1967இல் திருவாரூரில் தொடங்கி இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் ஆய்வு மையம் பக்கத்திலேயே இருக்கும் ஊர் இது.

நொய் ஏன் கூடியது

ஆலைக்காரரின் இன்னொரு புகார் நொய். சோதனைக்கு அரைத்ததில் முழு அரிசி குறைவு, உடைசல் அதிகம். இதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இல்லை. உமியை நகத்தால் உரித்து அரிசியை டார்ச் வெளிச்சத்துக்கு மேல் பிடித்தால் குறுக்காக மயிரிழை விரிசல் தெரியும். பல மணிகளில் இரண்டு மூன்று.

கொதிக்கிற சிமெண்டில் நெல்லை ஒரே மூச்சாகக் காயவைத்தால் மேல்பகுதி சுருங்கும், நடு சுருங்காது, மணி விரியும். 22இலிருந்து 16 வரை வேகமாக இறக்கினாலும் பெரிய பாதகமில்லை. அதற்குக் கீழேதான் நிதானம் வேண்டும். அதைவிட மோசம், காய்ந்த நெல் மீண்டும் நனைவது. முதல் நாள் ராத்திரி நெல்லைக் களத்திலேயே பரப்பியபடி விட்டிருக்கிறார்கள், பனி இறங்கியிருக்கிறது. மேலே 12க்கு வந்துவிட்ட மணி பனியைக் குடித்ததும் உப்பி வெடிக்கும். சீரகச் சம்பா மணி சின்னது, உடைந்தால் பிரியாணிக்கு ஆகாது, விலை பாதிக்குப் பாதி.

அடுத்த பட்டத்தில்

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்தார்கள். மிஷின்காரரிடம் பத்து மணிக்குமேல்தான் என்று பேசி, அதற்காக வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். அறுத்த அன்றே டிப்பரிலிருந்து இறக்கிப் பரப்பினார்கள். கனம் இரண்டு விரலுக்கு மேல் இல்லை. அரைமணிக்கு ஒரு தடவை காலால் கோடு இழுத்துப் புரட்டல். இதற்குக் களம் இரண்டு மடங்கு வேண்டியிருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பொதுக்களத்தையும் கேட்டு வாங்கினார்கள். ரோட்டில் போடவில்லை. அதில் கல் சேரும், பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவார்.

முக்கியமான மாற்றம் மத்தியானத்தில். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை நெல்லை வரப்பு மாதிரி கூட்டி, மேலே சாக்கு போட்டு மூடி ஆறவிட்டார்கள். நடு ஈரம் வெளியே வர அவகாசம். வெயில் நன்றாகக் காயும் நேரத்தில் மூடி வைப்பதா என்று கூலிக்கு வந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ராத்திரிக்கும் கூட்டிப் படுதா, பனி படாமல். 16ஐத் தொட்ட பிறகு மறுநாள் முழுக்க இதே நிதானம்.

அளப்பதற்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: சாயங்காலம் மீட்டர் எடுக்கக் கூடாது. நெல்லைத் தளர்வாகச் சாக்கில் அள்ளி வைத்து, மறுநாள் காலை, மேலும் நடுவும் அடியும் குத்தூசி போட்டு அளக்க வேண்டும். 13க்கு மேல் காட்டும் மூட்டை திரும்பக் களத்துக்கு. மீட்டர் இல்லாத வீட்டில் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கும் பழக்கம் கெட்டதில்லை. அதையும் காலையில், ஆறிய நெல்லில் செய்தால் நறுக்கென்று ஒடிகிறதா, பல்லில் அமுங்குகிறதா என்று தெரியும். சூட்டு நெல்லில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

13 தேறிய நெல் பைக்குள் போனது. பைமேல் ஒரு சாக்கு, எலி ஓட்டை போட்டால் எல்லாம் வீண். மிச்சம் சணல் சாக்கில், மரக்கட்டைகள் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. ஜன்னலைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. காற்றோட்டம் நல்லது என்று எல்லாரும் நம்புகிறோம். பங்குனி முதல் ஆடி வரை பகலில் அது சரி; ஆடிக் காற்று வறண்ட காற்று. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் திறந்த ஜன்னல் நெல்லுக்கு ஈரம் ஊட்டும். காற்றின் ஈரம் 70 சதவீத அளவில் இருந்தால் நெல் 13ஐ ஒட்டி நிற்கும். 85, 90 என்று நாள்கணக்கில் நின்றால் அது 16, 17ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகும். சாக்கு அதைத் தடுக்காது. ஆகவே மழைக்கு முன், ஆடியில் சாக்கு நெல்லுக்கு இன்னொரு காய்ச்சல், பிறகு ஜன்னல் சாத்தல். சாக்குகளில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துளைக்குழாய்ப் பொறியைச் செருகி வைத்தார்கள். வண்டு துளை வழியாக உள்ளே விழுந்து அடிக்குப்பியில் சேரும். அழிப்பதைவிட, எப்போது வந்திருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அது உதவுகிறது.

அந்த ஐப்பசியில் பைநெல் வாடையில்லாமல் வந்தது, நொய் குறைந்தது. சாக்கு நெல்லில் கொஞ்சம் அந்து இருந்தது. முழுக்கத் தப்பியது என்று சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 60 கிலோ மூட்டை ஒன்று 22 சதவீத ஈரத்தோடு களத்துக்கு வந்தால், 13க்கு இறங்கும்போது 53.8 கிலோதான் நிற்கும். டன்னுக்கு 103 கிலோ தண்ணீராகப் போகிறது. 14.5க்கும் 13க்கும் நடுவில் மூட்டைக்கு ஒரு கிலோ. முதல் வருஷம் ஐந்து பேரும் அவரவர் கொண்டுவந்த எடையை அப்படியே எழுதிக்கொண்டார்கள். அதனால் ஈரமாகக் கொண்டுவந்தவருக்கு லாபம், காயவைத்துக் கொண்டுவந்தவருக்கு நஷ்டம். இப்போது எடையோடு ஈரத்தையும் எழுதி, எல்லாருடைய நெல்லையும் 13 சதவீதக் கணக்குக்கு மாற்றித்தான் பங்கு. நூற்றிலிருந்து ஈரச் சதவீதத்தைக் கழித்து, ஈர எடையால் பெருக்கி, 87ஆல் வகுத்தால் போதும். மேற்குச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான்கு பேருக்கு அது சம்மதம். ஐந்தாமவர் கணக்கை ஒப்புக்கொண்டார், ஆனால் விலகிவிட்டார். அறுத்த அன்றே வயலோரத்தில் வியாபாரியிடம் ஈரநெல்லாகவே கொடுத்து, குறைந்த விலையானாலும் கையில் காசை வாங்கிக்கொண்டார். கூலி, களம், படுதா, எட்டு மாதம் முடங்கும் பணம், வட்டி என்று அவர் போட்ட கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தோம். ஒன்றரை ஏக்கருக்கு அவர் சொல்வது கட்டுகிறது.